கலங்கல்

தலைஞாயிற்றுக்குக் கிழக்கே
பவுன்ராசு வயலில்
பதினோரு நாளாய் நிற்கிறது தண்ணீர்.
கீழே இறங்க மறுக்கிறது.
வெயில் மேலாக்கக் கொஞ்சம் குடிக்கிறது, அவ்வளவுதான்.

"கடல் ஏறினப்பகூட இப்படி இல்லைங்க மேடம்.
உப்பு பூத்துக் கெடந்துச்சே தவிர
மண்ணு பொலபொலன்னுதான் இருந்துச்சு.
நல்ல மழை பெஞ்ச பொறவுதான்
மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

மண் பரிசோதனை வண்டியின் படியில் உட்கார்ந்து
படிவம் நிரப்புகிறேன்.
பயிர் என்ற இடத்தில் நெல் என்று எழுதி
அடித்துவிட்டு
மறுபடி நெல் என்றே எழுதுகிறேன்.

அவர் சொன்னது சரி.
நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை
அவர் வரப்பில் நின்று பார்த்திருக்கிறார்.

ஆறு கொண்டுவந்த களி
கண்ணுக்குத் தெரியாத தகடுகள்.
ஒவ்வொரு தகட்டின் முகத்திலும் எதிர்மின்சுமை,
பிறக்கும்போதே எழுதிக்கொடுத்த கடன்.
அதனால் அதைச் சுற்றி
எப்போதும் ஒரு கூட்டம்.
நாகைத் துறைமுகத்தில் விடிகாலை ஏலம் மாதிரி:
கூடையை ஒட்டி நிற்கிறவனுக்கு
இடுப்பைச் சொறியவும் இடமில்லை.
அவன் முதுகுக்குப் பின்னால் முண்டுகிறவர்கள்.
இன்னும் பின்னால்
டீ கிளாஸோடு விலை மட்டும் கேட்கிறவர்கள்.
அதற்கும் அப்பால் வெறும் காலைநேரம்.
கூட்டம் எங்கே முடிகிறது என்று
கோடு கிழித்துக் காட்ட யாராலும் ஆகாது.

கால்சியம்
இரண்டு கையாலும் கூடையைப் பிடிக்கும்.
அது நிற்கும் மண்ணில்
தகடும் தகடும் நெருங்கி உட்காரும்.
கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே
வேர் போகும், காற்று போகும்,
பேச்சுக்குச் சொல்கிறேன், நண்டுகூடப் போகும்.

சோடியம் ஒரு கையால்தான் பிடிக்கும்.
மறுகையில் விரித்த குடை.
தண்ணீராலேயே செய்த குடை.
மடக்கு என்றால் மடக்காது.

கடல் ஏறிய அன்று
ஒருவர் இருவரா வந்தார்கள்?
ஊரே குடையோடு வந்தது.
வெளியே அத்தனை நெரிசல்.
தகட்டைச் சுற்றிய கூட்டம்
தகட்டோடு தகடாய் நசுங்கிக் கிடந்தது.
மண் திறந்திருப்பது போல இருந்தது.

பிறகு மழை.
வெளியே நின்ற உப்பையெல்லாம்
கையைப் பிடித்து அழைத்துப் போனது மழை.
உள்ளே ஒட்டியிருந்தவர்களுக்கு
முதல் தடவையாக இடம் கிடைத்தது.
குடைகள் விரிந்தன.
தகட்டைத் தகடு தள்ளி
தூளாய்ப் பிரிந்து
இருந்த துளையெல்லாம் அடைந்தது.

பழையாறில் ஒருமுறை
கொள்ளிடம் கடலைத் தொடும் இடத்தைப் படகிலிருந்து பார்த்தேன்.
நூறு மைல் தனித்தனியே மிதந்து வந்த களி
உப்பு பட்டதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
கீழே இறங்கியது.
இந்தச் சமவெளி முழுக்க
அப்படி உட்கார்ந்ததுதான்.
சேர்த்துவைத்ததும் உப்பு.
அதை இவரிடம் எப்படிச் சொல்ல?

இரண்டு ஊறுகாய் பாட்டிலில் அவர் மண்ணைப் போட்டேன்.
இரண்டிலும் மழைத்தண்ணீர்.
ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் ஜிப்சம்.
குலுக்கி, அவர் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.
மறுநாள் காலை
ஒன்று இன்னும் பால் டீ.
மற்றதில் மண் அடியில் படுத்திருந்தது,
மேலே தண்ணீர் வழியாக
அவர் மகள் துர்க்காவின் பள்ளிக்கூடச் சட்டை
கொடியில் ஆடுவது தெரிந்தது.

"ஏக்கருக்கு எத்தனை மூட்டை?"
சொன்னேன்.
"எடத்த விட்டு எந்திரிச்ச சோடியம்
எங்கங்க போவும்?"

வடிகாலுக்கு.
வடிகால் போகிற வழியில் இறால் குட்டை.
குட்டைக்காரர் மதகைச் சாத்தி மூன்று வருஷம்.
படிவத்தில் அதற்கு ஆம், இல்லை
என்று இரண்டே கட்டம்.
பேனாவை மூடினேன்.

திரும்பும்போது பாட்டில்கள் வண்டியின் முன்கண்ணாடியோரம்.
திருப்பூண்டிச் சாலைப் பள்ளத்தில்
இரண்டும் ஒன்றுபோலக் கலங்கின.
எது எது என்று
எனக்கே தெரியவில்லை.

ரயில்வே கேட்டில் நின்றோம்.
டிரைவர் இறங்கி வெள்ளரிப்பிஞ்சு வாங்கினார்.
வண்டி அசையாமல் நின்ற
அந்தப் பத்து நிமிஷத்தில்
ஒன்று மட்டும்
மேலிருந்து தெளியத் தொடங்கியது.